ஐம்பத்திரண்டு விநாடி வரவேற்பு

அங்கயற்கண்ணியின் கணவர் இருளப்பன் மாத்திரை மாற்றி விழுங்கி ஆஸ்பத்திரியில் படுத்ததற்கு யார் காரணம் என்று ஒரு விசாரணைக் கமிஷன் வைத்திருந்தால், அது நேராக வந்து அங்கயற்கண்ணியின் கையைத்தான் பிடித்திருக்கும். ஆதாரம் இருந்தது. ஆதாரத்தின் அடியில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது. நல்லவேளையாக நம் நாட்டில் விசாரணைக் கமிஷன்கள் நேராக எங்கும் போவதில்லை.

கணவன், மனைவி இருவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. மதுரையில் பெண் பிறந்ததும் மீனாட்சியின் பெயரை வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், குழந்தைக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க அவள் வீட்டில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இருளப்பனுக்கு வைத்தது குலசாமியின் பெயர். "எங்க வீட்ல உண்மையச் சொல்லிட்டாய்ங்க, உங்க வீட்லதான் ஊரை ஏமாத்திட்டாய்ங்க" என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்னார். பதினாறு வருடமாக வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் பிசியோதெரபிஸ்ட். மதுரையில் பாதிப் பேரின் முழங்காலை அவருக்குத் தெரியும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்ததால், ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்கத் தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் நிற்காது. இவ்வளவு கறாரான ஒரு மாத்திரையை, வாயுத் தொல்லை மாத்திரையின் அதே அளவில், அதே அட்டையில் போட்டு விற்றார்கள்.

அது 2049. பொருள்கள் பேசத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரை அட்டை, பால் பாக்கெட், பஸ், லிஃப்ட், கழிப்பறைக் கதவு என்று எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் இருந்தது. கண்ணுள்ளவர்கள் மூக்குக் கண்ணாடி வழியே பார்த்தால் அந்தப் பக்கம் பொருளின் மேலேயே விரியும். பார்வையற்றவர்கள் விரலில் ஒரு மோதிரம் போட்டுக்கொண்டு பொருளைச் சுட்டினால், மோதிரம் பக்கத்தை வாசித்துக் காதில் சொல்லும். மோதிரம் வந்த முதல் நாள் அங்கயற்கண்ணி வீடு முழுக்கச் சுட்டிக்கொண்டே திரிந்தாள். பற்பசை எது, மூட்டுவலிக் களிம்பு எது என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது. அதுவரை பல் துலக்குவதில்கூட ஒரு சாகசம் இருந்து வந்தது. எல்லாம்தான் பேசுகிறதே என்று, மாத்திரை அட்டைகளில் இருந்த பிரெய்லி புள்ளிகளை அரசாங்கம் எடுத்துவிட்டது.

நல்லது ஒன்று நன்றாக நடந்துகொண்டிருந்தால் யாருக்காவது பொறுக்காது. இந்த விஷயத்தில் பொறுக்காமல் போனது நேசக்கரம் டெக்னாலஜிஸ் என்ற கம்பெனிக்கு. அவர்கள் கண்டுபிடித்தது வரவேற்புப் பெட்டி. நீங்கள் பால் பாக்கெட்டைப் பார்த்தால், அது கெட்டுவிட்டதா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பெட்டி வந்து மறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் குடும்பத்தில் இணையுங்கள், பெயர் சொல்லுங்கள், கைபேசி எண் சொல்லுங்கள், பிறந்தநாள் சொல்லுங்கள் என்று கேட்கும். பால் பாக்கெட்டின் குடும்பத்தில் இணைய விருப்பமில்லாதவர்கள் இரண்டு முறை கண் சிமிட்டினால் பெட்டி மூடிக்கொள்ளும். அரை விநாடி வேலை என்பதால் ஜனங்கள் சிமிட்டிக்கொண்டே வாழப் பழகிவிட்டார்கள்.

பார்வையற்றவர்களுக்கு இப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. பெட்டியைச் செய்த பொறியாளர்கள் தங்கள் வழக்கப்படி அரைகுறையாகச் செய்திருந்தார்கள். மோதிரத்தின் காதுக்குப் பெட்டி எட்டவே இல்லை. நேராக உள்ளே போய், பால் எப்போது கெடும் என்று சொல்லிவிட்டு வந்தது. சுருக்கமாகச் சொன்னால், அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் நிம்மதியாகப் பால் வாங்கியவர்கள் பார்வையற்றவர்கள் மட்டும்தான்.

அங்கயற்கண்ணி அந்தக் கம்பெனியில் சோதகராகச் சேர்ந்ததும் இந்த நிம்மதிக்கு முடிவு கட்டினாள்.

சம அனுபவச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. எந்தச் சேவையும் கண்ணுள்ளவருக்கும் பார்வையற்றவருக்கும் ஒரே அளவில் கிடைக்க வேண்டும். பார்வையற்ற ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் எதையும் வெளியிடக் கூடாது. அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவளை எடுத்தார்கள். அவளோ வேலையைக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சேர்ந்த முதல் வாரமே பெட்டியைக் கண்டுபிடித்து, மூன்று பக்கத்துக்குக் குறை அறிக்கை எழுதினாள். வரவேற்பு எங்களுக்குக் கேட்கவில்லை, இணையும் வாய்ப்பே எங்களுக்கு மறுக்கப்படுகிறது, இது அநீதி என்று எழுதினாள். எழுதி முடித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. பள்ளியிலிருந்து கதவுகள் மூடியே பழகியவள் அவள். ஒரு கதவு மூடியிருந்தால் தட்ட வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கம்பெனி வரலாற்றில் எந்தக் குறையும் அவ்வளவு வேகமாகச் சரிசெய்யப்பட்டதில்லை. இரண்டே நாளில் மோதிரத்துக்குப் பெட்டி கேட்க ஆரம்பித்தது. ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, குடும்பத்தின் பெருமை சொல்லி, பெயர், எண், பிறந்தநாள் கேட்டு, ஏழு சலுகைகளை விவரித்து, நிபந்தனைகளை வாசித்து, கடைசியில் போகிற போக்கில் "இப்போது வேண்டாம் என்றால் விரலை மடக்கவும்" என்று சொல்லும். மொத்தம் ஐம்பத்திரண்டு விநாடி. நடுவில் கை அசைந்தால் வணக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது, ழகரம் பிசகவில்லை. அங்கயற்கண்ணி பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டாள். கம்பெனி அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சுட்டிப் பார்த்தாள். கேடயம் அவளைத் தன் குடும்பத்தில் இணையச் சொன்னது.

இருளப்பன் ஒரு காலையில் வயிறு உப்பி, வாயு மாத்திரைக்காக அலமாரியைத் துழாவினார். அட்டையைச் சுட்டினார். வணக்கம் என்றது. நாற்பதாவது விநாடியில் ஏப்பம் வந்து கை அசைந்தது. மறுபடி வணக்கம். மூன்றாவது வணக்கத்தோடு, இதுவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி விழுங்கிவிட்டார். அன்றிலிருந்து நான்கு நாள், மூன்று வேளையும் அதே அட்டைதான். ஐந்தாம் நாள் சவரம் செய்யும்போது தாடையில் பட்ட ஒரு சின்னக் கீறலில் ரத்தம் நிற்கவில்லை. துண்டு நனைந்த பிறகுதான் அது சோப்பு நுரையின் ஈரம் அல்ல என்று அவருக்குப் புரிந்தது.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம், ஆனால் இனி ஒரு முறை இப்படி மாற்றிச் சாப்பிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலருகே உட்கார்ந்திருந்த அங்கயற்கண்ணி முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"எதுக்கு இம்புட்டுக் கவலை," என்றார் இருளப்பன். "அட்டையில ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"இப்ப ஆறு அட்டைங்க. வாராவாரம் ரத்தம் பார்த்து மருந்தை மாத்துவாங்களாம். எத்தனை ரப்பர் பேண்டு மாட்டுறது?"

இனியும் மறைக்கக் கூடாது என்று அவள் அந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னாள். மூன்று பக்கத்தையும் சொன்னாள். கேடயத்தையும் விடவில்லை.

"அப்ப அந்தப் பொம்பளைய எங்க காதுக்குக் கொண்டாந்து விட்டவ நீதானா?"

"நாந்தாங்க."

"நம்ம சங்கத்துல அத்தனை பேரும் அவளை வையிறாய்ங்க. நானும் தெனம் வஞ்சிருக்கேன்." அவளுடைய கையைத் தேடிப் பிடித்தார். "சரி, எழுதுனவளே அழிச்சிரு. நான் வீட்டுக்கு வாறதுக்குள்ள."

மறுநாள் அவள் நவநீதனிடம் போனாள். நவநீதன் வரவேற்புப் பெட்டிப் பிரிவின் மேலாளர். கெட்டவர் என்று சொல்ல முடியாது; அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வெட்ட அவர்தான் முதலில் நிற்பார். இருளப்பனின் நிலைமையைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தம் முடிந்ததும் கோப்பைத் திறந்தார்.

"ஆனா மேடம், நீங்கதானே கேட்டீங்க? மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. இப்ப எடுத்தா, பார்வையில்லாதவங்களுக்கு வரவேற்பை மறுத்துட்டோம்னு சட்டப்படி நம்ம மேலதான் கேஸ் வரும்."

"மாத்திரை அட்டையில மட்டுமாவது எடுத்துடுங்க சார். அது பேரைத்தான் சொல்லணும். அதோட குடும்பத்துல சேர்ந்து நாங்க என்ன பண்ணப் போறோம்?"

நவநீதன் அதைப் பற்றி ஆழமாகச் சிந்திப்பதாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் குழு போடுவார் என்று அர்த்தம். வரவேற்புப் பெட்டி மறுசிந்தனைக் குழு என்று பெயர் வைத்து, ஒன்பது பேரைப் போட்டார்கள். எட்டுப் பேருக்குக் கண் நன்றாகத் தெரியும். குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் குரலை இன்னும் இதமாக்கலாம் என்றார்கள். இரண்டாம் கூட்டத்தில் ஆண் குரலா பெண் குரலா என்று பயனரே தேர்ந்தெடுக்க வசதி செய்யலாம் என்றார்கள். அந்தத் தேர்வைச் செய்ய இன்னொரு பதினோரு விநாடி ஆகும். மூன்றாம் கூட்டத்தில் வெங்காய போண்டா நன்றாக இருந்தது. "வேண்டாம்" என்பதை முதலில் வைத்தால் என்ன என்று அங்கயற்கண்ணி கேட்டபோது, சிலர் பெருமூச்சு விட்டார்கள். அப்படி வைத்தால் யாரும் மீதியைக் கேட்க மாட்டார்கள் என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். அவளுக்கு அது முன்பே தெரியும். அதற்காகத்தான் கேட்டாள்.

இருளப்பன் வீடு திரும்ப ஏழு நாள் இருந்தது. அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது ஆத்திரம். போண்டாத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை எல்லோர் காதிலும் விழும்படி நவநீதனிடம் கேட்டாள்.

"சார், பெட்டியில நூத்துக்கு எத்தனை பேர் இணையுறாங்க?"

"கண்ணுள்ளவங்க மூணு பேர். பார்வையில்லாதவங்க..." நவநீதன் திரையைப் பார்த்தார். "தொண்ணூத்தியொண்ணு."

"ஏன் சார் அப்படி?"

விடாப்பிடியாகப் பேசும் ஒரு பொம்பளையை வெளியே அனுப்ப வேறு வழி தெரியாமல் ஜனங்கள் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிடுகிறார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் போண்டாவை மென்றுகொண்டிருந்தார்கள்.

"நான் சொல்றேன் சார். எங்களுக்கு ஐம்பத்திரண்டு விநாடி முழு வரவேற்பு கிடைக்குது. கண்ணுள்ளவங்களுக்கு அரை விநாடிதான். சிமிட்டிட்டுப் போயிடுறாங்க. சட்டம் என்ன சொல்லுது? ஒரே அளவுன்னு சொல்லுது. இது ரொம்பப் பெரிய அநீதி சார். நான் குறை அறிக்கை எழுதறதா இருக்கேன்."

நவநீதன் நாற்காலியை விட்டு எழுந்த சத்தம் கேட்டது. மூன்று, தொண்ணூற்றொன்றாக மாறும் கணக்கை அவர் மனத்துக்குள் போட்டு முடிக்க அரை விநாடிகூட ஆகவில்லை. எழுதுங்கள் மேடம், உடனே எழுதுங்கள் என்றார். மனிதருக்குக் குரல் தழுதழுத்தது.

இந்த முறை அறிக்கை ஒரே பக்கம்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, புதிய பெட்டி ஊரில் உள்ள அத்தனை மூக்குக் கண்ணாடிகளிலும் வந்து நின்றது. சிமிட்டினால் போகாது. ஐம்பத்திரண்டு விநாடி முழுவதும் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கும். தலை அசைந்தால் வணக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். தானாக ஓடும் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள். வண்டிகளிடம் கைபேசி எண் கிடையாது.

முதல் நாளே ஊர் கதிகலங்கியது. ஓட்டல்களில் இட்லியின் பக்கத்தைத் திறந்தவர்கள் அது ஆறும் வரை அதன் குடும்பப் பெருமையைப் படித்தார்கள். நேசக்கரத்தின் தலைவரே மூன்றாவது மாடியில் கழிப்பறைக் கதவின் முன்னால், ஆண்களா பெண்களா என்று தெரியாமல், தலையை அசைக்காமல் விறைத்து நின்றார். அவசரத்தில் இருக்கும் ஒருவரால் ஐம்பத்திரண்டு விநாடி அசையாமல் நிற்க முடியாது என்று அன்றைக்கு அந்தக் கம்பெனியில் நேரடிச் சோதனையில் நிரூபணம் ஆனது. அங்கயற்கண்ணியின் அடுக்ககத்தில் இருந்த ஒரு வாத்தியார், லிஃப்ட் பொத்தான் தெரியாமல் மூன்று முறை மொட்டைமாடிக்குப் போய் வந்தார். அவர் புலம்பியதைக் கேட்டபோது அவளுக்குப் பாவமாக இருந்தது. ரொம்பப் பாவமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பெட்டியை எடுக்கச் சொல்லும் மனுவுக்குப் பார்வையற்றோர் சங்கத்திலிருந்து நான்கு பேர் கையெழுத்து வாங்கப் போனபோது, "உங்களுக்குப் பழகிடும்மா" என்று அனுப்பி வைத்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். ஒரு பெரிய நகைக்கடை, தான் விற்ற தாலிகளுக்கும் பக்கம் வைத்திருந்தது. பெருங்குடி மண்டபம் ஒன்றில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிப் பார்த்தார். வணக்கம் என்று பெட்டி விரிந்தது. கண்ணாடியைக் கழற்றினால் போதுமே என்று கேட்கலாம். கழற்றினால் முன்னால் இருப்பது மணப்பெண்ணா மாமியாரா என்று தெரியாத அளவுக்கு மாப்பிள்ளைக்குப் பவர். கெட்டிமேளம் கொட்டியது, தலை திரும்பியது, பெட்டி மறுபடி ஆரம்பித்தது. அவர் நான்காவது வணக்கத்தில் இருந்தபோது முகூர்த்தம் முடிந்து எமகண்டம் பிறந்தது. பெண்ணின் தாய்மாமன் மாநில அமைச்சர்.

பார்வையற்றோர் சங்கம் பதினான்கு மாதமாகக் கொடுத்த இருபத்தாறு மனுக்கள் தலைமைச் செயலகத்தில் பரிசீலனையில் இருந்தன. திங்கட்கிழமை காலையில் அவசரச் சட்டம் வந்துவிட்டது. எந்தப் பொருளும் தன் விவரத்தைச் சொல்வதற்கு முன்னால் எவரையும் மறிக்கக் கூடாது. கண்ணுள்ளவர்கள் பட்ட நான்கு நாள் துன்பத்தை அமைச்சர் தொலைக்காட்சியில் நெஞ்சுருகச் சொன்னார். சம அனுபவச் சட்டம் இருந்ததால், அந்தத் தடை போகிற போக்கில் மோதிரத்துக்கும் சேர்ந்து கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை இருளப்பன் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக ஆறு அட்டைகளையும் மேசையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றாகச் சுட்டினார். ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லி, அளவைச் சொல்லி நிறுத்திக்கொண்டது. கடைசி அட்டையை இரண்டு முறை சுட்டினார்.

"அவளைக் காணோமே," என்றார்.

"போயிட்டாங்க."

"போறப்ப சொல்லிக்கிட்டுக்கூடப் போகலையா? ஒரு வருஷமாப் பழகுன பொம்பளை." அங்கயற்கண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, சரியான மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

கம்பெனி இதற்கெல்லாம் மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாதத்தில் நவநீதன் புதிய பெட்டியோடு வந்தார். மறுசிந்தனைக் குழுவின் மறுசிந்தனை என்றார். பார்வையின் ஓரத்தில், கட்டை விரல் நகம் அளவில் வரும். எதையும் மறைக்காது. பார்க்காவிட்டால் மூன்று விநாடியில் தானாகப் போய்விடும். அவசரச் சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கண்ணுள்ளவர்கள் இருநூறு பேரிடம் காட்டியதில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இனிப் பாக்கி, சோதகரின் கையெழுத்துதான்.

அங்கயற்கண்ணி மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, நவநீதன் கொண்டுவந்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சுட்டினாள். பால் பாக்கெட் தேதி சொன்னது. சோப்பு தன் பெயரைச் சொன்னது. மாத்திரை அட்டை தன் பெயரைச் சொன்னது. வேறொரு சத்தமும் இல்லை. பொறியாளர்கள் தங்கள் வழக்கப்படி அரைகுறையாகச் செய்திருந்தார்கள். பெட்டி மோதிரத்தின் காதுக்கு எட்டவே இல்லை.

அவள் இன்னொரு முறை சுட்டினாள். பிறகு இன்னொரு முறை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து குறை கண்டுபிடித்துப் பழகிய விரல் அவளுடையது. அது படிவத்தைத் தேடித் தானாக மேசைமேல் நகர்ந்தது.

"எப்படி மேடம் இருக்கு?" என்றார் நவநீதன். "கேக்குதா? ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க, ரெண்டே நாள்ல சரி பண்ணிடலாம்."

படிவத்தில் ஒரே கேள்விதான் இருந்தது: இந்தப் பொருளைப் பயன்படுத்துவதில் பார்வையற்றவருக்கு ஏதேனும் தடை உண்டா?

சத்தியமாக இல்லை. அங்கயற்கண்ணி "இல்லை" என்று எழுதினாள். மூன்று பக்கம் எழுதியவள் இந்த முறை ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.